போஜோலேயில் 4 ஹெக்டேர் பழைய தோட்டம் வாங்கி இயற்கை ஒயின் செய்யலாமா?

முதலில் கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கேட்பவர்கள் பிரான்ஸின் லியோன் நகரில் வேலை பார்க்கும் ஒரு தம்பதி. வாரிசுகள் யாரும் விவசாயத்துக்கு வராததால் ஓய்வு பெறப்போகும் ஒரு குடும்பத்திடமிருந்து, போஜோலேயில் 4 ஹெக்டேர் திராட்சைத் தோட்டத்தை ஒயின்கூடத்தோடும் பழைய பிழிபொறியோடும் சேர்த்து வாங்கப் பார்க்கிறார்கள். பல ஆண்டுகளாகக் களைக்கொல்லி அடித்து, பாக்கெட் ஈஸ்ட் போட்டு நடந்துவந்த இடம். இவர்கள் ரசாயனமில்லாத விவசாயம், எதுவும் சேர்க்காத ஒயின் என்று போக ஆசைப்படுகிறார்கள். இது நடக்குமா, எங்கிருந்து தொடங்குவது?

நடக்கும். பிரான்ஸில் இதற்குப் போஜோலே அளவுக்கு ஏற்ற இடங்கள் அதிகமில்லை. ஆனால் எதை முதலில் செய்வது, எதைக் கடைசியில் செய்வது என்பதில்தான் புதியவர்கள் சறுக்குகிறார்கள். ஆர்வத்தோடு வருகிறவர்கள் பெரும்பாலும் ஒயின் கெடாமலிருக்கச் சேர்க்கும் கந்தகத்தை நிறுத்துவதில் ஆரம்பிக்கிறார்கள். அது மூன்றாவது, நான்காவது ஆண்டில் யோசிக்கவேண்டிய விஷயம். மருந்து செய்துகொண்டிருந்த ஒவ்வொரு வேலையையும் இனி யாராவது கையால் செய்தாக வேண்டும். அந்தக் கைகள் யாருடையவை, கூலி எங்கிருந்து வரும் என்ற கணக்கை முடித்துவிட்டுத்தான் தொட்டி பக்கமே போக வேண்டும்.

ஏன் போஜோலே என்று கேட்பீர்கள். பர்கண்டிக்குத் தெற்கே, லியோனுக்கு வடக்கே நீளும் சரிவுகள் இவை. விளைவது பெரும்பாலும் கமே என்ற கருந்திராட்சை. 1395ல் பர்கண்டிக் கோமகன் பிலிப் இந்தக் கமேயை விசுவாசமில்லாத செடி என்று திட்டி, தன் ஆட்சிப் பகுதியிலிருந்து பிடுங்கி எறியச் சொன்னார். பர்கண்டியின் சுண்ணாம்பு மண்ணில் சுமாராக வந்த அந்தச் செடிக்குப் போஜோலேயின் வடபகுதிக் கருங்கல் மண் அப்படிப் பொருந்திப்போனது. மோர்கோன், ஃப்ளூரி, முலான்-அ-வான் என்று 10 இடங்களுக்குத் தனிப்பெயரில் விற்கும் உரிமை இருக்கிறது. அவற்றை 'க்ரூ' என்பார்கள். மீதி 'போஜோலே' அல்லது 'போஜோலே-வில்லாஜ்' என்ற பெயரில் போகும்.

அப்புறம் அந்த ஆண்டு பறித்ததை நவம்பரிலேயே விற்கும் புது ஒயின் மோகம் வந்தது. சீக்கிரம் செய், சீக்கிரம் விற்றுவிடு என்று மகசூலை ஏற்றினார்கள். எங்கும் ஒரே பாக்கெட் ஈஸ்ட், ஒரே வாசனை. 2000க்குப் பிறகு சந்தை கவிழ்ந்தது. விற்காத ஒயினைக் காய்ச்சி வடித்து ஆல்கஹாலாக்கினார்கள், நிறையக் கொடிகளைப் பிடுங்கினார்கள். அந்தச் சரிவின் பலன்தான் இன்று உங்களைப் போன்றவர்களுக்குக் கிடைக்கிறது. ஒரு மணி நேரம் வடக்கே போனால் பர்கண்டியின் உச்சத் தோட்டங்கள் ஹெக்டேருக்கு மில்லியன் கணக்கான யூரோ விலை பேசுகின்றன. இங்கே அறுபது எழுபது வயதுக் கொடிகள் நிற்கும் நிலத்தை சாதாரணச் சம்பளக்காரர் கடன் வாங்கி வாங்கிவிடலாம்.

இன்னொரு காரணம், இயற்கை ஒயினின் பள்ளிக்கூடமே இங்கேதான் இருந்தது. மார்செல் லாபியேர் 1973ல் வில்லியே-மோர்கோனில் குடும்பத் தோட்டத்தைப் பொறுப்பேற்றார். சில ஆண்டுகளில் தான் செய்யும் ஒயினே தனக்குப் பிடிக்காமல் போயிற்று. 1981 வாக்கில் ஜூல் ஷோவேயின் வழியைப் பிடித்தார். ஷோவே ஒயின் வணிகர், கூடவே வேதியியல் தெரிந்தவர். ஈஸ்ட், பாக்டீரியா, நொதித்தல் பற்றி வாழ்நாள் முழுக்க ஆராய்ந்தவர். லாபியேரைத் தொடர்ந்து ழான் ஃபுவாயார், கி ப்ரெதோன், ழான்-போல் தெவ்னே என்று அக்கம்பக்கத்தார் சேர்ந்துகொண்டார்கள். களைக்கொல்லியை விட்டார்கள், பழுத்த பிறகே பறித்தார்கள், அழுகலை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எறிந்தார்கள், தோலில் இருக்கும் ஈஸ்ட்டை நம்பினார்கள், கந்தகத்தைக் குறைத்தார்கள் அல்லது விட்டார்கள். லாபியேர் 2010ல் இறந்தார். இப்போது பிள்ளைகள் நடத்துகிறார்கள்.

இதில் எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. இயற்கை ஒயின் என்றதும் 'தாத்தா காலத்து முறை, ஒன்றும் செய்யாமல் விட்டால் தானே வரும்' என்று பேசுகிறவர்கள் ஏராளம். இந்த முறையை உருவாக்கியவர்கள் நுண்ணோக்கியில் கண்ணை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்கள். எந்தத் தொட்டியில் எந்த உயிரி பெருகுகிறது என்று தெரிந்ததால்தான் ஒன்றும் சேர்க்காமல் விட்டுவிடும் தைரியம் அவர்களுக்கு வந்தது. அப்படிப்பட்ட லாபியேர் வீட்டிலேயே மோர்கோனைக் கந்தகமில்லாமல் ஒரு பகுதி, மிகக் குறைந்த கந்தகத்தோடு ஒரு பகுதி என்று இரண்டு விதமாகப் புட்டியில் அடைத்திருக்கிறார்கள். முதல் ஆண்டுக்காரர் அதற்கு மேல் வீம்பு பிடிக்க வேண்டியதில்லை.

நிலம் வாங்கும் சட்டத்தை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். பிரான்ஸில் விவசாய நிலம் கைமாறினால் சாஃபேர் என்ற அமைப்புக்குத் தகவல் போகும். இரண்டு மாதத்துக்குள் அது தலையிட்டு, உங்களுக்குப் பதிலாக வேறொரு விவசாயிக்கு நிலத்தைத் திருப்பிவிடலாம். அதனால் முன்கூட்டியே அவர்களைப் பார்த்து உங்கள் திட்டத்தைச் சொல்லிவிடுங்கள். அந்த 4 ஹெக்டேரில் குத்தகைக்கோ வாரத்துக்கோ விட்ட பகுதி இருக்கிறதா என்று கட்டாயம் கேளுங்கள். போஜோலேயில் விளைச்சலைப் பங்கிடும் வாரமுறை இன்னும் உண்டு. விவசாயக் குத்தகை குறைந்தது 9 ஆண்டு. குத்தகைதாரரை எழுப்புவது லேசல்ல, வாங்கும் முன்னுரிமையும் அவருக்கு இருக்கலாம். 40 வயதுக்குள் இருந்தால் இளம் விவசாயிகளுக்கான தொடக்க நிதிக்கு விண்ணப்பிக்கலாம். அதற்குப் பண்ணை நடத்தும் தகுதிப் பட்டயம் வேண்டும், பெரியவர்களுக்கான படிப்பே இருக்கிறது. உங்களில் ஒருவர் படிக்கட்டும், இன்னொருவர் லியோன் சம்பளத்தை விடாமல் பிடித்துக்கொள்ளட்டும்.

சரி, தோட்டத்துக்கு வருவோம். பழைய போஜோலேத் தோட்டங்களில் கம்பியும் இல்லை, பந்தலும் இல்லை. முழங்கால் உயரத்தில் கிண்ணம் மாதிரி கைவிரித்து நிற்கும் தனித்தனிக் கொடிகள், ஹெக்டேருக்கு 10,000 வரை. தேனிப் பக்கம் பன்னீர் திராட்சைப் பந்தலுக்குக் கீழே நிமிர்ந்து நின்று வேலை செய்து பழகியவருக்கு இது முதுகை ஒடிக்கும். நம் ஊரில் கொடி தூங்குவதில்லை, ஆண்டுக்கு இரண்டு கவாத்து. அங்கே குளிர்காலத்தில் இலை உதிர்ந்து கிடக்கும்போது ஒரே கவாத்துதான், ஆனால் ஒவ்வொரு கொடியிலும் எந்தக் கையை விடுவது, எந்த மொட்டை விடுவது என்று தனித்தனியாக முடிவெடுக்க வேண்டும். உங்கள் 4 ஹெக்டேரில் 40,000 கொடி. ஒரு ஆள் நாளைக்கு 400 செய்கிறார் என்று வைத்துக்கொண்டாலும் கவாத்துக்கு மட்டும் 100 ஆள்நாள். அதன்பிறகு தேவையில்லாத தளிரைக் கிள்ளுவது, கட்டுவது, களையெடுப்பது, மருந்தடிப்பது, பறிப்பது என்று ஒவ்வொரு கொடிக்கும் திரும்பத் திரும்பக் குனிய வேண்டும்.

களைக்கொல்லியை ஒரே நாளில் நிறுத்தினால் என்ன ஆகும் என்று பலர் யோசிப்பதில்லை. ஆண்டுக்கணக்கில் உழாத மண்ணில் கொடியின் வேர்கள் மேற்பரப்புக்கு அருகே படர்ந்திருக்கும். திடீரென்று ஆழமாக உழுதால் அந்த வேர்கள் அறுபடும். புல்லும் தண்ணீருக்குப் போட்டி போடும். முதல் இரண்டு மூன்று ஆண்டு கொடிகள் சோர்ந்து, மகசூல் கண்முன்னே விழும். பழைய உரிமையாளர் வேலியோரம் நின்று, சொன்னேனே கேட்டாயா என்பது போலப் பார்ப்பார். பொறுத்துக்கொள்ள வேண்டிய காலம் அது. மேலோட்டமாகக் கிளறுங்கள், ஒரு வரிசை விட்டு ஒரு வரிசை உழுங்கள், மக்கிய உரம் போடுங்கள். கருங்கல் சிதைந்த மணல் மண் என்பதால், செங்குத்தான சரிவை முழுக்க உழுதுவிட்டால் ஒரு கோடைமழைக்கு மண் அடிவாரத்துக்கு வந்துவிடும். அங்கே புல்லை வெட்டி அப்படியே விடுவதுதான் நல்லது. டிராக்டர் நுழையாத நெருக்கமான துண்டுகளில் சிலர் குதிரை வைத்து உழுகிறார்கள். படத்தில் அழகாக இருக்கும், கூலி அழகாக இருக்காது. மாற்றி நட வேண்டிய பகுதியில் வரிசை இடைவெளியைக் கூட்டி, கம்பி கட்டிக்கொள்வது தப்பே இல்லை. அதைத் துரோகம் என்பவர்கள் யாரும் உங்கள் சார்பில் களையெடுக்க வரப்போவதில்லை.

அடுத்தது நோய். இயற்கை விவசாயச் சான்று என்றால் மருந்தே அடிக்காதது என்று நினைத்துவிடாதீர்கள். அடிச்சாம்பல் நோய்க்குத் தாமிரம், சாம்பல் நோய்க்குக் கந்தகத்தூள், இந்த இரண்டும்தான் கையில் இருக்கும் ஆயுதம். இலைக்குள் ஊடுருவாமல் மேலே ஒட்டியிருந்து காப்பவை இவை; 20 மில்லிமீட்டர் மழை பெய்தால் தாமிரம் கழுவிக்கொண்டு போய்விடும், மறுபடி அடிக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை, திருமணநாள் எதையும் பூஞ்சை பார்க்காது. ஐரோப்பிய விதிப்படி தாமிரம் ஹெக்டேருக்கு 7 ஆண்டுகளில் மொத்தம் 28 கிலோவைத் தாண்டக்கூடாது. சராசரியாக ஆண்டுக்கு 4 கிலோ. மழை விடாமல் பெய்த 2021 போன்ற ஆண்டுகளில் இந்த அளவுக்குள் நிற்பது கயிற்றில் நடக்கும் வேலை. போஜோலேயின் கருங்கல் மண் அமிலத்தன்மை கொண்டது, அதில் தாமிரம் தேங்கினால் இளஞ்செடி வேர்களுக்கு நஞ்சாகும். வாங்குவதற்கு முன் மண் பரிசோதனையில் தாமிர அளவையும் அமிலத்தன்மையையும் பாருங்கள், தேவைப்பட்டால் சுண்ணாம்பு இட வேண்டியிருக்கும்.

தத்துப்பூச்சி வழியாகப் பரவும் ஃப்ளாவெசான்ஸ் தோரே என்ற மஞ்சள் நோய் வேறு இருக்கிறது. மருந்து கிடையாது, பிடித்த கொடியைப் பிடுங்க வேண்டியதுதான். பரவும் அபாயமுள்ள பகுதிகளில் பூச்சிமருந்து அடிக்க அரசு கட்டாய உத்தரவு போடும். பர்கண்டியில் எமானுவேல் ஜிபுலோ என்ற, ரசாயனமில்லாத உயிராற்றல் (பயோடைனமிக்) முறை விவசாயி 2013ல் அடிக்க மறுத்து வழக்கைச் சந்தித்தார். 2014ல் முதலில் அபராதம் விதித்தார்கள், அந்த ஆண்டுக் கடைசியில் மேல்முறையீட்டில் விடுதலையானார். ஊர் ஊராக ஆதரவு குவிந்தது உண்மை. ஆனால் புதிதாக வந்த ஒருவர் முதல் ஆண்டே இதில் கொடி பிடிக்காமல் இருப்பது நல்லது. நோய் உங்கள் வரப்போடு நிற்காது, பக்கத்துத் தோட்டக்காரரின் தயவு உங்களுக்கு அறுவடையில் தேவைப்படும். இயற்கை விவசாயத்தில் அனுமதிக்கப்பட்ட பைரித்ரம் என்ற தாவரப் பூச்சிமருந்து இருக்கிறது, அதைக் கேட்டு வாங்குங்கள்.

சான்றுக்கான மாறுகாலம் 3 ஆண்டு. அந்த 3 ஆண்டும் செலவு இயற்கை விவசாயத்துக்கு, விற்கும் விலை சாதாரண ஒயினுக்கு. பலர் மூழ்கிப்போவது இந்த இடத்தில்தான்.

இப்போது ஒயின்கூடம். போஜோலே முறையில் திராட்சையை நசுக்குவதே இல்லை. காலைக் குளிரில் பறித்த குலைகளைக் காம்போடு அப்படியே தொட்டியில் இறக்குவார்கள். பகலில் வெயில் ஏறிவிட்டால் கூடைகளை ஒரு இரவு குளிரறையில் வைத்து மறுநாள் இறக்குவதும் உண்டு. கீழே உள்ள பழங்கள் எடை தாங்காமல் உடைந்து சாறு விடும், அது நொதித்துக் கரியமில வாயுவை எழுப்பும், வாயு தொட்டி முழுக்க நிரம்பும். காற்றில்லாத அந்த நிலையில் உடையாத பழத்துக்குள்ளேயே நொதிகள் வேலை செய்யும்: சர்க்கரையில் கொஞ்சம் சாராயமாகும், 2 சதவீதம் வரை, பழத்தின் மாலிக் அமிலம் குறையும், கமேயின் அந்தச் செர்ரி வாசனை அப்போதுதான் பிறக்கும். இரண்டு மூன்று வாரம் கழித்துப் பிழிந்தால் இளஞ்சூடாக, இனிப்பும் சாராயமும் கலந்து, ரோஜா நிறத்தில் ஒரு சாறு வடியும். ஊர்க்காரர்கள் அதைப் 'பரதி', சொர்க்கம் என்பார்கள். பிழியும் நாளில் ஒரு குவளை வாங்கிக் குடித்துவிடுங்கள், புட்டியில் வராத பொருள் அது.

சொர்க்கத்தில்தான் ஆபத்தும் இருக்கிறது. அந்தச் சாற்றில் சர்க்கரை இன்னும் மீதி. அமிலம் குறைந்திருப்பதால் பாக்டீரியாவுக்குக் கொண்டாட்டம். ஈஸ்ட் சர்க்கரையை முடிப்பதற்குள் லாக்டிக் பாக்டீரியா முந்திக்கொண்டால், அது சர்க்கரையைத் தின்று காடி அமிலத்தை உண்டாக்கும். ஐரோப்பாவில் சிவப்பு ஒயினில் ஆவியாகும் அமிலம், அதாவது பெரும்பாலும் இந்தக் காடி அமிலம், லிட்டருக்கு 1.2 கிராமைத் தாண்டினால் அதை ஒயின் என்று விற்கவே முடியாது. சாதாரண ஒயின்கூடம் இந்த இடத்தில் ஒரு சிட்டிகை கந்தகத்தைப் போட்டுப் பாக்டீரியாவை அடக்கிவிட்டுத் தூங்கப் போகும். நீங்கள் கந்தகம் போடவில்லையென்றால் தூங்கப் போக முடியாது: தினமும் அடர்த்தி, வெப்பநிலை, அமில அளவு, வாரம் இருமுறை ஆய்வகத்துக்கு மாதிரி. ஈஸ்ட் முந்துவதற்கு ஒரு நல்ல வழி, அறுவடைக்குச் சில நாள் முன்பே நல்ல துண்டிலிருந்து கொஞ்சம் பழம் பறித்து, சின்னப் பாத்திரத்தில் நொதிக்க வைத்து, அது துடிப்பாக இருக்கும்போது பெரிய தொட்டியில் சேர்ப்பது. சில பாத்திரங்களில் செய்து, மூக்குக்குச் சுத்தமாக இருப்பதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மற்றதை யோசிக்காமல் கொட்டிவிடுங்கள்.

இன்னொரு குறையைப் பற்றித் தமிழ் மூக்குக்குச் சொல்வது சுலபம். கந்தகமில்லாத ஒயின்களில் 'எலி வாடை' என்ற ஒன்று வரும். கிளாஸை மோந்தால் தெரியாது. விழுங்கிப் பத்து நொடி கழித்து, வாயின் உமிழ்நீர் அமிலத்தைத் தணித்த பிறகு, எலிக்கூண்டு மாதிரி மேலேறி வரும். அதற்குக் காரணமான சேர்மங்களில் ஒன்று பாசுமதி அரிசிக்கும், இலங்கைச் சமையலில் போடும் ரம்பை இலைக்கும் மணம் தரும் அதே சேர்மம். சோற்றில் தேடிப் போகிறோம், ஒயினில் ஓடிவருகிறோம். சிலருக்கு இது துளியும் தெரியாது என்பதால், உங்கள் இருவரில் யாருக்குத் தெரிகிறது என்று முதலிலேயே சோதித்துக்கொள்ளுங்கள். தெரியாதவர் மட்டும் ருசி பார்த்துப் புட்டியில் அடைத்துவிடக்கூடாது. கொஞ்சம் ஒயினைப் புறங்கையில் தேய்த்து மோந்தால் சீக்கிரம் பிடிபடும்.

பழைய கூடத்தில் சிமெண்ட் தொட்டிகள் இருக்கிறதென்றால் அதிர்ஷ்டம். வெப்பம் மெல்ல ஏறி மெல்ல இறங்கும். உட்பூச்சு வெடித்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். மரப்பீப்பாய்கள் விஷயத்தில் இரக்கம் வேண்டாம்: மூடியைத் திறந்து மோந்தால் காடி வாடையோ குதிரை லாய வாடையோ வந்தால், அது பாட்டனார் வாங்கியதாகவே இருந்தாலும் பூந்தொட்டி ஆக்கிவிடுங்கள். கந்தகமில்லாமல் செய்பவர் கூடத்தில் அதிக நேரம் கையில் பிடித்திருப்பது தண்ணீர்க் குழாய்தான். கழுவுவதற்கு வெந்நீரும், கழிவுநீர் போக வடிகாலும் இல்லாத கூடம் என்றால் விலையில் அதைக் கழிக்கச் சொல்லுங்கள்.

கந்தகத்தைப் பற்றி எண்களோடு சொன்னால் பயம் தெளியும். சாதாரணச் சிவப்பு ஒயினில் லிட்டருக்கு 150 மில்லிகிராம் வரை அனுமதி, இயற்கை விவசாய ஒயினில் 100. பிரான்ஸில் 2020ல் வந்த 'வான் மெத்தோத் நத்யூர்' என்ற முத்திரைக்கு 30க்குள் இருக்க வேண்டும், அல்லது சேர்க்கவே கூடாது. இரண்டுக்கும் தனித்தனிச் சின்னம். சான்று பெற்ற பழம், கையால் பறிப்பு, தோல் ஈஸ்ட் எல்லாம் அதன் நிபந்தனைகள். ஒன்றுமே சேர்க்காவிட்டாலும் நொதிக்கும்போது ஈஸ்ட் தானே கொஞ்சம் சல்ஃபைட்டை, அதாவது இதே கந்தகச் சேர்மத்தை, உண்டாக்கும். அதனால் 10 மில்லிகிராமைத் தாண்டி, 'சல்ஃபைட் உள்ளது' என்று உங்கள் லேபிளிலும் போட வேண்டி வரலாம். என் கருத்து இது: முதல் ஆண்டு எல்லாத் தொட்டிக்கும் அடைக்கும் நேரத்தில் 15, 20 மில்லிகிராம் போடுங்கள். மிகச் சுத்தமான ஒரே ஒரு சின்னத் தொட்டியை மட்டும் சேர்க்காமல் விட்டு, ஓராண்டு முழுக்கப் புட்டி திறந்து கவனியுங்கள். அது கோடையைத் தாண்டினால் அடுத்த ஆண்டு இரண்டு தொட்டி.

பணம். ஹெக்டேருக்கு 30 ஹெக்டோலிட்டர் கிடைக்கிறது என்று வையுங்கள். மாறுகாலத்தில் அதுவே நல்ல விளைச்சல். 4 ஹெக்டேருக்கு 120 ஹெக்டோலிட்டர், அதாவது 12,000 லிட்டர், முக்கால் லிட்டர் புட்டியில் 16,000 புட்டி. வரி போகக் கடைக்காரருக்குப் புட்டி 8 யூரோ என்று விற்றால் 1,28,000 யூரோ. கேட்க நன்றாக இருக்கும். அதிலிருந்து கண்ணாடி, தக்கை, லேபிள், அறுவடைக் கூலி, கவாத்துக் கூலி, டிராக்டர், கடன் தவணை, காப்பீடு எல்லாம் போக வேண்டும். உறைபனியோ ஆலங்கட்டியோ விழுந்த ஆண்டில் 16,000 என்பது 6,000 ஆகலாம். அதனால் முதல் ஆண்டு 4 ஹெக்டேரையும் நீங்களே ஒயினாக்காதீர்கள். பாதிப் பழத்தை மொத்த வியாபாரிக்கோ, பழம் வாங்கி ஒயின் செய்யும் அக்கம்பக்கத்து இயற்கை ஒயின்காரர்களுக்கோ விற்றுவிடுங்கள். அறுவடை முடிந்ததும் காசு கையில் வரும், தொட்டியில் தலைவலியும் பாதி. நிலத்தில் ஒரு துண்டாவது க்ரூ அல்லாத போஜோலே அல்லது வில்லாஜ் பெயரில் இருந்தால், அதை நவம்பர் மூன்றாம் வியாழக்கிழமை வெளிவரும் புது ஒயினாக்கலாம். க்ரூ நிலத்து ஒயினை அப்படி விற்க அனுமதி இல்லை. சந்தையைக் கெடுத்தது என்று திட்டு வாங்கும் அதே நவம்பர் ஒயின்தான் இன்று பல சின்ன இயற்கைத் தோட்டங்களுக்குக் குளிர்காலக் கவாத்துக் கூலி கொடுக்கிறது.

ஒயின் கொஞ்சம் மங்கலாகவோ, வழக்கத்துக்கு மாறான ருசியோடோ இருந்து, ஊர்ப்பெயர் தரும் பரிசோதனைக் குழு நிராகரித்தால் 'வான் த ஃப்ரான்ஸ்' என்ற பொதுப் பெயரில் விற்கலாம். பெயர்போன தயாரிப்பாளர்களே அப்படி விற்கிறார்கள். வாங்குபவர்கள் உங்கள் பெயரைத்தான் பார்ப்பார்கள், ஆனால் அந்தப் பெயர் உருவாகக் காலம் பிடிக்கும்.

கையெழுத்துப் போடும் முன் விற்பவரிடம் ஒரு நிபந்தனை கேட்டுப் பாருங்கள்: அடுத்த கவாத்திலிருந்து அறுவடை வரை ஒரு சுற்று முழுக்க அவரோ அவர் மனைவியோ உங்களோடு தோட்டத்தில் நடக்க வேண்டும், அதற்குச் சம்பளமும் கொடுங்கள். எந்தத் துண்டில் ஏப்ரல் பனி முதலில் இறங்கும், எந்த மூலை ஒரு வாரம் முன்னால் பழுக்கும், எந்த வரிசையில் செத்த கொடிக்குப் பதில் வேறு ரகம் நட்டுவைத்திருக்கிறார்கள் என்பதெல்லாம் எந்தப் பத்திரத்திலும் இருக்காது. அவர் உங்கள் முறையைக் கிண்டல் செய்வார். செய்யட்டும், பனியைப் பற்றி அவர் சொல்வதைக் குறித்துக்கொள்ளுங்கள். விலை பேசும்போது போன ஐந்து ஆண்டு அறுவடை அறிக்கைகளையும் மருந்தடிப்புக் குறிப்பேட்டையும் கேட்டு வாங்குங்கள். காலியிடங்களை எண்ண ஒரு ஆளைக் கூட்டிக்கொண்டு பிப்ரவரியில் போங்கள். இலை இல்லாத நேரத்தில்தான் செத்த கொடிகள் கண்ணுக்குத் தெரியும். ஐந்தில் ஒன்று இல்லையென்றால், நீங்கள் வாங்குவது 4 ஹெக்டேர் அல்ல, 3.2.